சானியாவுக்கு முன்னால்

மட்டாஞ்சேரி

அன்புள்ள கமலி,

பேச்சுப் போட்டிக்கு நீ எழுதியதைப் படித்தேன். சானியா மிர்சாவின் ஆறு கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள், 2015இல் இரட்டையர் தரவரிசையில் பிடித்த முதலிடம் எல்லாம் சரி. ஆனால் ‘அவருக்கு முன் எந்த இந்தியப் பெண்ணும் கிராண்ட்ஸ்லாமில் ஓர் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை’ என்று ஒரு வரி போட்டிருக்கிறாயே, அதை யார் சொன்னார்கள்?

1998 ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை வென்ற நிருபமா வைத்தியநாதன் கோயம்புத்தூர்க்காரர். தமிழ்ப் பெண் நீயே அவரை விட்டுவிட்டால் எப்படி? அவரைக் கொண்டாடுகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ‘ஓபன் காலத்தில் முதல் இந்தியப் பெண்’ என்பதில் முன்பாதியை விழுங்கிவிடுவார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குப் பெரிய போட்டிகள் திறந்துவிடப்பட்டது 1968இல். அதற்கு முன் ஆடியவர்கள் மனிதர்கள் இல்லையா?

1934 விம்பிள்டனில் லீலா ராவ் முதல் சுற்றில் கிளாடிஸ் சவுத்வெல்லை வென்றார். அடுத்த சுற்றில் ஐடா ஆடமோஃபிடம் தோற்றார். வென்றது ஒரே ஆட்டம்தான். ஆனாலும் எனக்கு அவரை விட மனமில்லை. காரணம் அவருடைய அம்மா, பண்டித க்ஷமா ராவ். காந்தியின் போராட்டத்தைச் சமஸ்கிருதச் செய்யுளில் பாடி, 1932இல் பாரிஸில் ‘சத்தியாக்கிரக கீதை’யாக வெளியிட்டவர். அவரும் டென்னிஸ் ஆடியவர்! அவருடைய தந்தை சங்கர் பாண்டுரங்க பண்டிட் அதர்வ வேதத்தைப் பதிப்பித்தவர். இங்கே செர்லாயில் கொங்கணி பேசும் சாரஸ்வதர்களைப் பார்த்திருப்பாய். இவர்களும் சாரஸ்வதக் குடும்பம்தான். லீலா பிறகு பரதநாட்டியம் பயின்று, அதைப் பற்றி நூலும் எழுதினார். இலக்கணமும் ராக்கெட்டும் சலங்கையும் ஒரே வீட்டில்!

என் கட்சி இதுதான்: நம் நாட்டில் டென்னிஸ் பெண்களைச் சங்கங்கள் உருவாக்கவில்லை, வீடுகள் உருவாக்கின. நிருபமாவுக்குப் பயிற்சி தந்தவர் அப்பா. சானியாவுக்கும் அப்பா இம்ரான்தான். லீலாவுக்கு அம்மா முன்னால் நடந்தார். இதை மறுக்க உன் பயிற்சியாளர் நூறு திட்டங்களின் பெயரைச் சொல்வார், சொல்லட்டும். அப்படி ஒரு வீடு வாய்க்காத பெண் என்ன செய்வாள் என்று அவரிடம் கேள்.

அந்த வரியை அடித்துவிட்டு எழுது. நேரம் போதவில்லை என்றால் சானியாவின் பட்டங்களில் இரண்டைக் குறைத்துக்கொள். லீலாவைக் குறைக்காதே.

அன்புடன்,
உன் பெரியப்பா