பழைய லொறி எஞ்சினின் ஓசைகளும் அவற்றின் காரணங்களும்

நெல்லும் மரக்கறியும் சந்தையை அடைந்த பின்னரே கமக்காரனுக்குப் பணமாகும். வழியில் லொறி நின்றுவிடின், ஏற்றிய தக்காளியும் கீரையும் வெயிலில் வாடிக் கெடும். ஆதலால், 1958ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த பெட்போர்ட் ஜே வகை போன்ற பழைய பெற்றோல் லொறிகளை வைத்திருப்போர், எஞ்சினின் ஓசையைப் பகுத்தறியப் பழகுதல் வேண்டும்.

சோதிக்கும் முறை

லொறியைச் சமதரையில் நிறுத்தி, கைத்தடையைப் போட்டு, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழிந்தபின் எண்ணெயின் அளவைப் பாருங்கள். எண்ணெய் குறைந்தாலே பல ஓசைகள் எழும். பின்னர் எஞ்சினை இயக்கி, நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சினின் பல இடங்களிலும் வைத்து, பிடியைக் காதருகே வைத்துக் கேளுங்கள். ஓசை மிகுந்து கேட்கும் இடத்திலேயே பழுது உளது. சால்வை, சாரம் முதலியன விசிறியில் சிக்காதவாறு காத்துக்கொள்ளுங்கள்.

ஓசைகளும் காரணங்களும்

1. மேல்மூடியின் கீழ் மெல்லிய ‘டிக் டிக்’ ஓசை: வால்வுகளின் இடைவெளி மிகுந்துள்ளது. கைந்நூலிற் கூறிய அளவுக்குச் சரிசெய்க.

2. பாரத்துடன் ஏற்றம் ஏறும்போது கிணுகிணுப்பு: தீப்பொறி முந்தி விழுகிறது, அல்லது எஞ்சின் மிகச் சூடேறியுள்ளது, அல்லது உள்ளே கரி படிந்துள்ளது. உடனே கியரைக் குறைத்து ஓட்டுக.

3. குளிர்ந்த நிலையில் வெற்றொலிபோன்ற தட்டல், சூடேறியபின் மறைதல்: பிஸ்ரன் தேய்ந்துள்ளது. சிறிது காலம் ஓட்டலாம்; எண்ணெய்ச் செலவைக் கவனித்து வருக.

4. கீச்சிடும் ஓசை: விசிறிப் பட்டி தளர்ந்துள்ளது. எஞ்சினை நிறுத்திப் பட்டியைக் கழற்றி, அரை நிமிடம் மாத்திரம் இயக்குக. ஓசை மறைந்தால், பட்டியிலோ, நீர்ப்பம்பியிலோ, டைனமோவிலோ பழுது உண்டு.

5. ‘புஸ் புஸ்’ என்னும் ஓசை: புகைபோக்கிக் குழாயின் இணைப்பில் வாயு கசிகிறது.

6. அடியிலிருந்து கனத்த தட்டல்: இதுவே மிகக் கொடியது. கிராங்க் தண்டின் பெயாரிங்குகள் தேய்ந்துள்ளன. எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, அதன் உலோக நுனி எஞ்சினில் முட்டும்படி கட்டிவிட்டு மீண்டும் சிறிது நேரம் இயக்குக. இவ்வாறு ஒவ்வொன்றாகச் சோதிக்க. எந்தப் பிளக்கில் தட்டல் குறைகிறதோ, அந்தச் சிலிண்டரின் இணைப்புத் தண்டுப் பெயாரிங்கே தேய்ந்தது. எதிலும் மாறாமல், பாரம் இழுக்கையில் மிகுமாயின், பிரதான பெயாரிங்குகளைச் சந்தேகிக்க வேண்டும்.

இத்தட்டல் கேட்டபின் “இந்த ஒரு நடை மாத்திரம்” என்று லொறியை ஓட்டாதீர்கள். இணைப்புத் தண்டு முறியின் எஞ்சின் உடலையே துளைத்துவிடும். பெயாரிங் மாற்றும் செலவு சிறிது. எஞ்சினை இழப்பின் ஒரு போகத்து வரும்படியே போய்விடும். சுமையை வேறு வண்டிக்கு மாற்றி, தேர்ந்த மெக்கானிக்கை அழையுங்கள். ஓசை எப்போது, எவ்விடத்தில் எழுந்தது என்பதை அவருக்குத் தெளிவாகக் கூறுங்கள். வேலை பாதியாகக் குறையும்.