படைவீரனின் சுமையும் புறவன்கூடும்

நண்டுக்கும் வண்டுக்கும் உடம்புக்கு வெளியே ஒரு வன்கூடு இருக்கிறது. விஞ்ஞான பாடத்தில் அதைப் புறவன்கூடு என்று படித்திருக்கிறோம். அதே பெயரில் ஓர் இயந்திரச் சட்டகம் செய்து காலாட்படை வீரனுக்கு மாட்டிவிட, வல்லரசுகள் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக முயல்கின்றன. மூட்டுகளில் மோட்டார், முதுகில் மின்கலம், பாரமோ சட்டகத்தின் வழியே நிலத்துக்கு இறங்கிவிடும். கேட்க நன்றாயிருக்கிறது. போர்க்களத்தில் உதவுமா?

தேவை பொய்யல்ல. அமெரிக்கப் போர் வரலாற்றாசிரியர் எஸ்.எல்.ஏ. மார்ஷல், போருக்குப் போகும் வீரனுக்குச் சுமார் 18 கிலோ போதும் என்று 1950இல் எழுதினார். 2003இல் ஆப்கானிஸ்தானில் நிறுத்துப் பார்த்தபோது நடைப்பயணச் சுமை சராசரியாக 46 கிலோ இருந்தது. குண்டு துளைக்காத அங்கி, வானொலி, அதற்கு மின்கலம், தண்ணீர், தோட்டா. எல்லாம் உயிரைக் காக்க வந்தவைதான். ஒன்றுசேர்ந்து முழங்காலைத் தின்கின்றன. (பொகவந்தலாவைப் பக்கம் முழுப்பேர் போடப் பல தோட்டங்களில் கேட்கும் கொழுந்தும் ஏறக்குறைய அதே 18 கிலோதான். அதைப் பற்றி எந்த வல்லரசும் நூல் எழுதியதாக நான் கேள்விப்படவில்லை.)

1965இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனி தொடங்கிய ஹார்டிமேன், 680 கிலோவைத் தூக்க வேண்டிய இயந்திரம். அதன் சொந்த நிறையும் ஏறத்தாழ அவ்வளவே! முழுவதையும் ஒரே நேரத்தில் இயக்கினால் கட்டுக்கடங்காமல் உதறியது. கடைசியில் ஒரு கை மட்டுமே உருப்படியாக வேலை செய்தது.

2009இல் லொக்ஹீட் மார்ட்டின் காட்டிய 'ஹல்க்' எவ்வளவோ மெலிந்தது. 90 கிலோவைத் தாங்கும் என்றார்கள். அதுவும் களத்துக்குப் போகவில்லை. 2013இல் அமெரிக்க விசேட படைகள் அறிவித்த 'டாலோஸ்' கவச உடை, 2019இல் முழு உடையாக வெளிவராமலே முடிந்தது.

ஏன் இப்படி? பௌதிகவியல் படிக்கும் மாணவிகள் இந்த இடத்தைக் கவனியுங்கள். சட்டகம் பாரத்தின் நிறையை நிலத்துக்கு இறக்கிவிடலாம். ஆனால் திணிவு எங்கும் போய்விடாது; சடத்துவம் அப்படியே இருக்கும். ஓடும்போதும் திரும்பும்போதும் சட்டென்று குப்புறப்படுக்கும்போதும் அதை அசைக்க வேண்டியவன் வீரன்தான். அதோடு, திணிவு உடம்பில் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சோல், கோல்ட்மன் என்ற ஆய்வாளர்கள் 1969இல் அளந்தார்கள். தலையில் வைத்த ஒரு கிலோவுக்கு, நமது உடம்பின் ஒரு கிலோவைக் கொண்டு நடப்பதைவிட 1.2 மடங்கு சக்தி போதும். பாதத்தில் கட்டிய ஒரு கிலோவுக்கோ 4 முதல் 6 மடங்கு வேண்டும். கால் ஒவ்வோர் எட்டுக்கும் முன்னும் பின்னும் வீசப்படுகிறதல்லவா? சட்டகத்தின் இரும்பும் மூட்டும் அந்தக் காலில்தான் ஏறுகின்றன.

ஆகவே 2010இல் வெளியான ஓர் அமெரிக்க இராணுவ ஆய்வில், சட்டகம் அணிந்து நடந்தவர்கள் அணியாதபோது செலவிட்டதைவிட அதிக ஒட்சிசனைச் செலவிட்டதில் வியப்பில்லை. 2014இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் கணுக்காலுக்கு மட்டும் உதவும் சிறு கருவியால், 23 கிலோ சுமையோடு நடப்பவரின் சக்திச் செலவை 8 சதவீதம் அளவில் குறைத்தார்கள். பெரிய கனவுக்குக் கிடைத்த சிறிய, ஆனால் உண்மையான வெற்றி அது.

மின்கலம் தீர்ந்தால் என்ன செய்வது? மலைப்பாதையில், சேற்றில், மின்னேற்ற வசதி இல்லாத இடத்தில், சுமையைக் குறைக்க வந்ததே சுமையாகிவிடும். களஞ்சியத்தில் எறிகணைப் பெட்டி ஏற்றுபவருக்கு இந்தக் குறை இல்லை. தரை சமம், மின்சாரம் பக்கத்தில். இராணுவத்துக்கு இன்று பயன் அங்கேதான் என்பது என் கணிப்பு. பெங்களூரில் உள்ள இந்தியப் பாதுகாப்புத்துறையின் உயிர்ப்பொறியியல் ஆய்வுகூடமும் இத்துறையில் வேலை செய்கிறது. இமயமலைக் காவல் நிலைகளுக்குப் பொருள் சுமப்பவரை நினைத்தால் அந்த அக்கறை புரியும்.

இன்னொன்று. ஹல்க்கை முதலில் வடிவமைத்த பேர்க்லி பயோனிக்ஸ், எக்ஸோ பயோனிக்ஸ் என்று பெயர் மாறி, பக்கவாதம் வந்தவர்களும் முள்ளந்தண்டில் அடிபட்டவர்களும் எழுந்து நடந்து பழகும் சட்டகங்களை மறுவாழ்வு நிலையங்களுக்குச் செய்து கொடுக்கிறது. சமதரை, பக்கத்தில் மின்சாரம், கைகொடுக்க ஒரு தாதி. போர்க்களத்தில் இல்லாத மூன்றும் அங்கே உண்டு. யுத்தத்தில் நடையை இழந்தவர்கள் எல்லா இனத்திலும் இருக்கும் நமது நாட்டுக்கு, இந்த இயந்திரம் எப்போதாவது வருமானால் முதலில் அந்த வாசல் வழியாக வரட்டும்.