ஐப்பசிச் சளிக்கு வேலியோர மருந்து

கேள்வி: மழை பிடித்ததும் வீட்டில் ஆளுக்கொரு இருமல். எந்தக் கைவைத்தியம் உண்மையில் கேட்கும்?
– வாசகி, சின்னாளபட்டி

பதில்: சாதாரணச் சளி வைரஸால் வருவது, பெரும்பாலும் பத்து நாளுக்குள் தானே தணிந்துவிடும். அதுவரை தொண்டைக்கும் மூக்குக்கும் இதம் தருவதே கைவைத்தியத்தின் வேலை.

தொண்டைக் கரகரப்புக்கு, ஒரு டம்ளர் வெந்நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் போதும். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் இருமலைப் படுக்குமுன் ஒரு டீஸ்பூன் தேன் குறைக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது.

நெஞ்சில் கட்டிய சளிக்கு ஆடாதோடை. திண்டுக்கல் பக்கம் தோட்டத்து வேலியில், ஆடு தொடாமல் தழைத்து நிற்கும் செடி. ப்ரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்து, இதன் இலையிலுள்ள வாசிசினை ஒட்டி உருவாக்கப்பட்டதுதான். இரண்டு இலையுடன் நாலு மிளகைத் தட்டிப் போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் ஒன்றாகச் சுண்டியதும் வடிகட்டிக் குடிக்கலாம். கசப்புக்குப் பனங்கற்கண்டு. கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும்.

தூதுவளையை முள் ஆய்ந்து, நெய்யில் வதக்கித் துவையலோ ரசமோ வைத்தால் சாப்பாட்டோடு இறங்கிவிடும்.

மூச்சுத் திணறினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு அரசு மருத்துவமனையில் காசநோய்ச் சளிப் பரிசோதனை இலவசம்.