பிப்ரவரி முடிந்த பிறகும்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம் வீடுகளுக்காக இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். கறுப்பின மக்களின் வரலாறு, அதற்கென ஒதுக்கிய பிப்ரவரி மாதத்தில் பள்ளிச் சுவரில் ஒட்டும் நாலைந்து படங்களோடு நின்றுவிடுகிறது. மீதியை வீட்டில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

1. சமையலறையில் தொடங்குங்கள். கேக்குக்கு வெனிலா எசன்ஸ் ஊற்றும்போது எட்மண்ட் ஆல்பியஸைப் பற்றிச் சொல்லலாம். ரீயூனியன் தீவில் அடிமைத்தளையில் பிறந்த பையன். மெக்சிகோவின் வெனிலாக் கொடி அங்கே பூத்ததே தவிர, காய்க்கவில்லை. 1841இல், 12 வயதில், பூவுக்குள் இருக்கும் மெல்லிய மடலை ஒரு சின்னக் குச்சியால் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திச் சேர்த்தான். அவ்வளவுதான், காய்த்தது. இன்றும் தோட்டங்களில் பூப்பூவாக இப்படித்தான் கையால் செய்கிறார்கள். தீவு செழித்தது, அவர் 1880இல் வறுமையில் இறந்தார். இதைக் கேட்ட அன்று என் மகள் எசன்ஸ் பாட்டிலில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி ‘எட்மண்ட்’ என்று எழுதினாள். பாட்டில் காலியான பிறகும் தூக்கிப் போட மனம் வரவில்லை.

2. ‘இவருக்கு முன்னால் யார்?’ என்று கேட்கப் பழக்குங்கள். ‘ரோசா பார்க்ஸுக்குக் கால் வலிம்மா, அதனாலதான் எந்திரிக்கல’ என்று வந்து சொன்னாள் மகள். அந்த அரைக்கதை எனக்கு வலித்தது. மான்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்காக எழ மறுத்து அவர் கைதானது 1955 டிசம்பரில். ஒன்பது மாதம் முன்பே, மார்ச் 2 அன்று, அதே நகரில் 15 வயது கிளாடெட் கால்வின் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார். அந்த நகரின் பேருந்துகளில் இனப் பிரிவினையை ஒழித்த 1956 வழக்கின் வாதிகளான நான்கு பெண்களில் அவரும் ஒருவர். ரோசா பார்க்ஸும் கால் வலித்து உட்கார்ந்தவர் அல்ல. உள்ளூர் உரிமைச் சங்கத்தின் செயலாளராகப் பல ஆண்டுகள் உழைத்தவர்.

3. மிகைப்படுத்தாதீர்கள். பல்பைக் கண்டுபிடித்தவரே கறுப்பினத்தவரான லூயிஸ் லாட்டிமர்தான் என்று யாராவது ஃபார்வர்டு அனுப்புவார்கள். பல்புக்குள் எரியும் கார்பன் இழையைத் தயாரிக்க மேம்பட்ட முறை ஒன்றுக்கு 1882இல் அவர் காப்புரிமை பெற்றார். உள்ளதைச் சொன்னாலே பெருமைதான். ஒரு பொய் அகப்பட்டால் பிள்ளை மற்றதையும் நம்பாது.

4. ‘அடிமைகள்’ என்பதைவிட ‘அடிமைப்படுத்தப்பட்டவர்கள்’ என்று சொல்லுங்கள். யாரோ செய்த குற்றம் அது என்று சொல்லிலேயே தெரியும்.

5. பெரிய வகுப்புப் பிள்ளை என்றால் 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்கென எழுதிய தனிப் பட்டியலின் ஒரு பக்கத்தை இணையத்தில் எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உடைமையாளரின் பெயர் இருக்கும். அதற்கு நேராக அடிமைப்படுத்தப்பட்ட ஒவ்வொருவரின் வயது, ஆணா பெண்ணா, நிறம். ஆளின் பெயர் அநேகமாக எங்கும் இராது. ‘ஏன் பேரே இல்ல?’ என்று பிள்ளையே கேட்கும். 1870 கணக்கெடுப்பில்தான் அவர்களில் பெரும்பாலோரின் பெயர் முதன்முதலாக ஏறியது என்று அப்போது சொல்லுங்கள்.

6. 1921இல் டல்சா நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியை வெள்ளையர் கும்பல் எரித்தது போன்றவற்றைச் சின்னக் குழந்தைக்குத் தூங்கும் நேரத்தில் சொல்ல வேண்டாம். பகலில், வயதறிந்து சொல்லுங்கள். அழுதால் பேச்சை மாற்றாதீர்கள்.

7. பள்ளி திறந்ததுமே ஆசிரியரைப் பாருங்கள். குறை சொல்லப் போகாமல், எந்த மாதம் எந்தப் பாடம் என்று கேட்டு, வகுப்பு அலமாரிக்கு ஒரு புத்தகம் கொடுங்கள். பிப்ரவரியில் போனால் எல்லாம் முடிவாகியிருக்கும்.

8. நமக்கு இந்த நாட்டின் வாசல் திறந்த கதையையும் சொல்லுங்கள். 1946 சட்டப்படி ஆண்டுக்கு 100 இந்தியர்கள்தான் இங்கே குடியேற முடிந்தது. நாடுவாரியான அந்த ஒதுக்கீட்டை நீக்கிய 1965 சட்டம், கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறைசென்று நடத்திய உரிமைப் போராட்டத்தின் அலையில் வந்தது. உங்கள் குடும்பத்தில் முதலில் விமானம் ஏறியவரின் பாஸ்போர்ட்டை எடுத்து, முத்திரையில் இருக்கும் வருடத்தைப் பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள்.