கைச்சலவைக் குறியைப் பார்த்துத்தான் துவைத்தேன், ஸ்வெட்டர் சுருங்கிவிட்டது!

கேள்வி: கடந்த டிசம்பரில் உதகையில் ஒரு கடையில் ரூ.12,000 கொடுத்து என் கணவருக்கு ஸ்வெட்டர் வாங்கினேன். '100% காஷ்மீர்' என்று லேபிள் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் கை இருப்பதுபோல ஒரு படமும் இருந்தது. அதைப் பார்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கையால்தான் துவைத்தேன். காய்ந்ததும் பத்து வயதுப் பையனுக்குத்தான் பொருந்தும் என்கிற அளவுக்குச் சுருங்கி, இறுகிவிட்டது. கடைக்காரரோ, "இதெல்லாம் டிரை க்ளீன்தான் பண்ணணும்மா. விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்னு பில்லிலேயே இருக்கு" என்கிறார். எனக்கு ஏதும் வழி உண்டா?
- வாசகி, குன்னூர்

பதில்: வழி உண்டு. உங்கள் முதல் சாட்சி அந்த லேபிள்தான். அதை வெட்டி எடுத்துவிடாதீர்கள். சர்வதேசக் குறியீட்டு முறையில் அந்தப் படத்துக்கு, 40 டிகிரி செல்சியஸைத் தாண்டாத தண்ணீரில் கையால் துவைக்கலாம் என்று பொருள். தண்ணீரே படக்கூடாத துணி என்றால் தொட்டியின் மேல் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். கைச்சலவைக் குறியோடு விற்றுவிட்டு, டிரை க்ளீன் செய்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது நுகர்வோர் ஆணையத்தில் எளிதில் எடுபடாது.

பில்லில் அச்சடித்த வரிக்கும் அஞ்ச வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47), முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு ஏதும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. அந்த 30 நாளுக்குள் நீங்கள் கடைக்குப் போய்க் கேட்டிருந்தால் இந்தப் பிரிவு நேரடியாகவே பொருந்தும். தாண்டியிருந்தாலும், பொருளில் குறைபாடு என்று முறையிடும் உரிமை போய்விடாது.

ஆனால் குறைபாட்டை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். எதிர்த்தரப்பு கேட்கப்போவது இதைத்தான்: தண்ணீர் எவ்வளவு சூடு? என்ன சோப்பு? எவ்வளவு நேரம் ஊறியது? கசக்கினீர்களா, முறுக்கிப் பிழிந்தீர்களா? காஷ்மீர் இழையின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், பிறகு பிரியாது. 'வெதுவெதுப்பு' என்று நாம் சொல்லும் தண்ணீர் சில சமயம் 40 டிகிரியைத் தாண்டியே இருக்கும். கீசர் தண்ணீரில் சலவைத்தூள் போட்டு, அடித்துத் துவைத்திருந்தால், சுருங்கியதை வைத்து வழக்குப் போட வேண்டாம் என்றே சொல்வேன்.

அப்போதும் இன்னொரு கதவு திறந்திருக்கிறது. அது உண்மையிலேயே 100% காஷ்மீர்தானா? இப்படி இறுகியதால் அதில் விலங்கின் முடி இருப்பது தெரிகிறது. முழுவதும் அக்ரிலிக் என்றால் இப்படி ஆகாது. ஆனால் செம்மறி ஆட்டுக் கம்பளியும் இதேபோல இறுகும். விலை குறைந்த அந்தக் கம்பளியைக் கலந்து '100% காஷ்மீர்' என்று விற்றிருந்தால், நீங்கள் எப்படித் துவைத்தீர்கள் என்ற கேள்விக்கே இடமில்லை. பொய்யான தரம் சொல்லி விற்றதே குற்றச்சாட்டு. பிரிவு 38-இன்படி மாதிரியைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்தைக் கேட்கலாம். ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட நேரலாம். கோவையில் உள்ள சிட்ரா ஜவுளி ஆய்வு நிறுவனத்தில் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

கண்டிஷனரில் ஊறவைத்து இழுத்தால் பழைய அளவுக்கு வரும் என்று பலர் யோசனை சொல்வார்கள். வழக்கு முடியும்வரை அதைச் செய்யாதீர்கள். நீங்கள் தொட்ட பிறகு அது சான்றாக நிற்காது. பில், லேபிள், அளவு நாடா வைத்து எடுத்த படங்கள் எல்லாம் இருக்கட்டும்.

இதே சட்டத்தில் உள்ள 'பொருள் பொறுப்பு' என்ற புதிய அத்தியாயத்தின் கீழ் நஷ்ட ஈடு கேட்கலாமே என்று யாராவது சொல்லலாம். அந்த அத்தியாயத்தில் வரும் 'தீங்கு' என்பதில் வாங்கிய பொருளுக்கே ஏற்பட்ட சேதம் அடங்காது. எனவே பொருளில் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டையும் வைத்தே மனுவை எழுதுங்கள்.

முதலில் கடைக்கு ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 15 நாள் அவகாசம் போதும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். கடை அசையாவிட்டால் நீலகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுங்கள். பொருளுக்குக் கொடுத்த விலை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். மாற்றுப் பொருள் அல்லது விலை, அதோடு இழப்பீடும் செலவுத்தொகையும் கேளுங்கள். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் கெடு.