கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு நாள்: திராட்சை பயிரிட எண்ணுவோர் பார்க்க வேண்டியவை

வீராம்பட்டினம் சாலையில் ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி ஒருவர் சென்ற ஆண்டு என்னைப் பார்க்க வந்தார். மழைக்காலத்திற்குப் பின் குருத்தழுகல் நோயால் சில மரங்கள் போய்விட்டன. மனம் வெறுத்து, ஒரு ஏக்கரில் திராட்சைப் பந்தல் போட முடிவு செய்து, கல்தூண்களுக்கு முன்பணம் கொடுக்கும் நிலையில் இருந்தார். "ரோமாபுரி ஒயின் வந்து இறங்கிய ஊர் சார் இது. இங்கே திராட்சை வராதா?" என்று கேட்டார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இரு கைப்பிடியுள்ள கூம்பு வடிவச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயினும் எண்ணெயும் வந்த சாடிகள் அவை. ஆனால் வந்தது மதுவே தவிர கொடியன்று! "முன்பணம் கொடுக்குமுன் ஒரு நாள் கம்பம் பார்த்து வருவோம்" என்றேன். அக்கம்பக்கத்து விவசாயிகள் சிலரும் சேர்ந்துகொண்டனர். இரவு புறப்பட்டுக் காலையில் சேர்ந்தோம்.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு கண்ணுக்கு விருந்து. இருபுறமும் மலை, நடுவே பச்சைப் பந்தல். அழகை ரசிப்பதில் தவறில்லை. ஆயினும் அந்தப் பசுமைக்குக் காரணம் எது என்றும் பார்க்க வேண்டும். மலைகள் காற்றைத் தடுக்கின்றன. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர் சுரங்கம் வழியே வருகிறது.

இங்கு முக்கிய இரகம் பன்னீர் திராட்சை என்னும் மஸ்கட் ஹாம்பர்க். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் இதனைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்பர். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு தோட்டத்தில் கவாத்து, அடுத்ததில் பூ, அதற்கடுத்ததில் அறுவடை என்று ஆண்டு முழுவதும் வேலை நடக்கிறது. கவாத்து செய்பவரின் கையைக் கவனிக்கும்படி எங்கள் குழுவினரிடம் சொன்னேன். நன்கு முதிர்ந்த கொடியில் 4 கண்கள் விட்டு வெட்ட வேண்டும். மெலிந்த கொடியை 1 அல்லது 2 கண்களோடு நிறுத்தினால் புதுக்கொடி வளரும். கைப்பழக்கம் இல்லாதவர் வெட்டினால் இலை வரும், குலை வராது.

பிற்பகலில் சர்க்கரை அளக்கும் கைக்கருவியில் சாற்றை விட்டுப் பார்த்தோம். ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை புளித்தால் 1 சதவீத ஆல்கஹால் உண்டாகும். 12 சதவீத ஒயினுக்குச் சுமார் 200 கிராம் வேண்டும். பறித்த பின் திராட்சை மேலும் பழுக்காது. எனவே நிறம் வந்தவுடன் அவசரப்பட்டுப் பறிக்கும் பழம் ஒயினுக்கு ஆகாது. ஒயின் தயாரிக்க அரசு உரிமமும் தேவை.

எங்கள் குழுவினர் அதிக நேரம் நின்றது மருந்து கலக்கும் இடத்தில்தான். அடிச்சாம்பல் நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவை, பிரான்சின் போர்டோ பகுதியில் பிறந்தது. வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் பூசியிருந்தனர். அக்கொடிகளில் மட்டும் நோய் இல்லாததை மில்லார்டே என்ற அறிஞர் கண்டு, 1885-இல் வெளியிட்டார். 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை வேறு 50 லிட்டர் நீரிலும் கரைத்து, சுண்ணாம்பு நீரைக் கலக்கிக்கொண்டே அதில் மயில்துத்தக் கரைசலை ஊற்ற வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. தீட்டிய இரும்புக் கத்தியை நனைத்துப் பார்த்துச் செந்நிறம் படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றே தெளித்துவிட வேண்டும்.

ஊர் திரும்பியதும் அவருடைய ஆழ்குழாய்க் கிணற்று நீரைச் சோதித்தோம். உப்பு மிகுதி. திராட்சைக்கு மண்ணின் உப்பு நிலை 1.0-க்குள் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இலை ஈரம் காயாது. அடிச்சாம்பல் நோய்க்கு அதுவே போதும். 2011-இல் தானே, 2024-இல் ஃபெஞ்சல் என்று புயல்கள் தாக்கிய கரையில் கடன் வாங்கிப் பந்தல் போடும்படி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு ஏமாற்றந்தான்.

தென்னை உப்பை ஓரளவு தாங்கும். குருத்தழுகிய மரத்தில் அழுகிய பாகத்தைச் செதுக்கி எடுத்துவிட்டுப் போர்டோ பசை தடவி, சுற்றியுள்ள மரங்களின் குருத்தில் 1 சதவீதப் போர்டோ கலவை தெளிக்கும்படி கூறினேன். திராட்சைத் தோட்டத்தில் கற்ற கலவையை இப்போது தென்னைக்குக் கலக்குகிறார். முன்பணம் கையிலேயே இருக்கிறது.

கடலுக்குத் தள்ளி நல்ல நீர் உள்ளவர்கள் வேண்டுமானால் பத்துக் கொடி வைத்துப் பார்க்கலாம். அதற்கு முன் பம்பு செட்டை அரை மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் நீர் பிடித்து, குரும்பாபேட்டிலுள்ள காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகவும். நீரைச் சித்திரையில் எடுக்கவும். கார்த்திகையில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான்.