கணிப்பொறி எவ்வளவு உழைக்கிறது?

கணிப்பொறி ஓய்வையே அறியாதது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. நாம் கட்டுரை ஒன்றைத் தட்டச்சு செய்யும்போது, ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே அதன் மூளையாகிய பிராசஸர் பெரும்பாலும் சும்மாவே இருக்கிறது. அப்படியானால் அதன் உழைப்பை அளப்பது எங்ஙனம்?

பிராசஸரின் ஒவ்வொரு கோரும் எந்தக் கணத்திலும் ஒன்று வேலை செய்யும். இல்லையேல் சும்மா இருக்கும். ஆகவே "30 சதவீத உழைப்பு" என்றால், ஒரு குறிப்பிட்ட கால அளவில் 100 பங்கில் 30 பங்கு நேரம் வேலையில் கழிந்தது என்பதே பொருள். கால அளவைக் கூறாத சதவீதத்தால் பயனில்லை.

நம் வீட்டு மின்சார மீட்டரை நினைத்துப் பார்ப்போம். இன்றைய எண்ணிலிருந்து சென்ற முறை எடுத்த எண்ணைக் கழித்தால், இடையில் செலவான மின்சாரம் தெரியும் அன்றோ? 1991ஆம் ஆண்டு லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸிலும் இதே முறைதான். கணிப்பொறியை இயக்கிய நேரம் முதல், வேலை நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் அது தனித்தனியே கூட்டிக்கொண்டே வருகிறது. 10 விநாடி இடைவெளியில் இருமுறை அக்கணக்கைப் பார்க்கிறோம் என்று கொள்வோம். ஒரு கோரின் ஓய்வுக் கணக்கு 7 விநாடி கூடியிருந்தால், மீதி 3 விநாடி வேலை. அதாவது 30 சதவீதம்.

இடைவெளியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு நிமிடத்தில் 6 விநாடி முழுமூச்சாக உழைத்து, 54 விநாடி சும்மா இருந்தால் சராசரி 10 சதவீதமே. ஆயினும் அந்த 6 விநாடியும் நாம் காத்திருந்திருப்போம்! எனவே சிறு இடைவெளியில் அளந்து, பல நாட்களுக்குக் குறித்து வைப்பதே சிறந்தது.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 நிலவில் இறங்குகையில், அதன் கணிப்பொறி 1202 என்னும் எச்சரிக்கையை எழுப்பியது. இருக்கும் நேரத்துக்கு மேல் வேலை சேர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள். தேவையற்ற ரேடார் சைகைகள் அதன் நேரத்தில் ஒரு பங்கை விழுங்கிவிட்டன. முக்கிய வேலைகளை மட்டும் தொடரும்படி அது அமைக்கப்பட்டிருந்ததால் இருவரும் நலமாய் இறங்கினர்.

நம் வீட்டுக் கணிப்பொறி மெதுவாக இயங்கினால், உடனே புதியது வாங்கித் தரும்படி பெற்றோரைக் கேட்க வேண்டாம். ஒரு வாரம் அளந்து பார்ப்போம். பிராசஸர் பெரும்பாலும் ஓய்வாகவே இருந்தால், குறை நினைவகத்திலோ வட்டிலோ இருக்கலாம். அளந்தறிந்த பின் செய்யும் செலவே வீண்போகாத செலவாகும்.